நிப்புக்கு எங்கே போவேன்

வேலூர் லாங் பஜாரில் மை பேனாவுக்கு நிப்பு கேட்டால், பல்லக்கு கேட்டவனைப் போலப் பார்க்கிறார்கள். ‘ஜெல் பேனா தரட்டுமா சார்?’ வேண்டாம்பா.

அப்பா விட்டுப்போன பார்க்கர் 51 என்னிடம் இருக்கிறது. 1941இல் வந்த மாடல். நிப்பு உள்ளே ஒளிந்துகொண்டு நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். நம்மூர் வெயிலிலும் மை சட்டென்று காயாது. மூடியைச் செருகினால் ‘சுக்’கென்று நிற்கும். 1970களில் நிறுத்திவிட்டார்கள். 2021இல் அதே பெயரில் திரும்ப விட்டார்களே என்பீர்கள். விட்டார்கள், சரி. மூடிக்கு மரை போட்டுவிட்டார்கள்! போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் எப்படித் திருகுவது?

என் கிழப் பேனாவோ நேற்றும் கசிந்து, வெள்ளைச் சட்டைப் பையில் நீலக் குளம். ‘ஆறாங்கிளாஸ் பையன் வந்துட்டான்’ என்கிறாள் மனைவி.