"பழகிவிடும்" என்று இனிச் சொல்லாதீர்கள்

கோவையில் உலோகத்தை உருக்கி வார்க்கும் சிறிய பவுண்டரி நடத்தும் நண்பர் ஒருவர் போன வாரம் சொன்னார்: "புதிதாக வருகிற பையன்கள் முதல் நான்கு நாள் உலைச் சூட்டில் தலை சுற்றுகிறது என்பார்கள். அப்புறம் பழகிவிடும்." நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அடிவயிறு கலங்கியது. என் அப்பா இருபத்தாறு வருடம் பவுண்டரியில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டராக இருந்தவர். அவரிடமும் இதையேதான் சொன்னார்கள்.

உடல் பழகுவது உண்மைதான். தினமும் சூட்டில் வேலை செய்பவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே துளிர்க்கிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் போகும் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பும் நிதானப்படுகிறது. ஆனால் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் இவ்வளவும் ஏறக்குறையக் கரைந்துவிடும். இந்த மறுபாதியை யாரும் சொல்வதில்லை.

அப்பா மயங்கி விழுந்தது வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருடத்தில். அத்தையின் கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பிய முதல் நாள், ஆள் குறைவு என்று உலைக்குள் இறங்கி அதன் உள்பூச்சான லைனிங்கை உடைக்கச் சொன்னார்கள். உலையை அணைத்து ஆறப் போட்டிருந்தாலும் உள்சுவர் சுட்டுக்கொண்டே இருக்கும். குனிந்து நின்றால் முழங்கை இடிக்கும் அளவுக்குக் குறுகிய குழி. காற்று துளியும் அசையாது. வியர்வை ஆவியானால்தானே உடல் குளிரும்? அங்கே அது பனியனை நனைத்து வழிந்துகொண்டே இருக்கும். உடம்பிலிருந்து தண்ணீர்தான் போகும், சூடு போகாது. இருபது நிமிடத்தில் உள்ளேயிருந்து வந்த சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அதைக் கவனித்து எட்டிப் பார்க்க மேலே ஒருவர் இருந்தார். அதனால்தான் எங்களுக்கு அப்பா மிஞ்சினார்.

அவரை வெளியே தூக்கிக் கிடத்தியதும் உப்புப் போட்ட சோடாவை வாயில் ஊற்றப் பார்த்தார்களாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உளறுகிறார், தடுமாறுகிறார் என்றாலே உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம்தான்.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. புதியவர் முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டுமே சூட்டில் நிற்கலாம், பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டலாம். அனுபவசாலி இடைவெளிக்குப் பிறகு திரும்பினால் 50, 60, 80 என்று ஏறி நான்காம் நாள்தான் முழு வேலை. சூட்டில் இருக்கும்போது பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இதில் எந்தப் புது இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை.

நம் பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டமோ, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குத்தான் கோடையில் குடிநீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று எழுதியது. முப்பது பேர் உள்ள பட்டறையில் இருப்பவனுக்குத் தாகம் குறைவா?

இந்தப் படிப்படியான முறையை நண்பரிடம் சொன்னேன். அவர் தயக்கம் கூலியைப் பற்றியது. செய்து முடிக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் சம்பளம் வாங்குபவரை "ஓய்வெடு" என்றால் "பட்டினி கிட" என்று அர்த்தம், அவரே கேட்கமாட்டார் என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் சொல்கிறேன், அந்த நான்கைந்து நாட்களுக்கு முழு நாள் கூலியை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். கூரைக்கு வெள்ளை அடிப்பது, உலைக்கும் ஆளுக்கும் நடுவே அனலைத் திருப்பும் தகடு வைப்பது, உலைக்குள் ஒருவர் இறங்கினால் வெளியே ஒருவர் வேறு வேலையில்லாமல் நிற்பது எல்லாமே வேண்டியவைதான். ஆனால் என்னை ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னால் இந்தக் கூலியைத்தான் கேட்பேன்.

இன்று நம் பவுண்டரிகளில் நிற்பவர்களில் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். ஹோலிக்கு ஊருக்குப் போய்விட்டு, கோடை ஏறும் நேரத்தில் தன்பாத் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். நாள்கணக்கில் நெரிசலில் தூங்காமல் வந்த உடம்பு. மறுநாள் காலை ஷிப்டிலேயே உலை முன் நிறுத்துகிறோம்.

நண்பரிடம் இந்த ஹோலி முடிந்து திரும்புகிறவர்களிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதினான்கு பேராம். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.