தர்மப்பணத்துக்கு இரண்டு சாவி

"நம்ம பொருளாளர் நல்ல மனுஷன், அவர்கிட்டப் போய்க் கணக்குக் கேட்கிறதா?" கிறிஸ்தவ சபைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேடு அந்த நல்ல மனுஷனுக்கே. யாரும் கணக்குக் கேட்காமல் விட்டவர் மேல் ஒரு நாள் பழி விழுந்தால், தன் பக்கம் சுத்தம் என்று காட்ட அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

அப்போஸ்தலன் பவுல் இதை நன்றாக அறிந்தவர். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்ந்த பணத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பவில்லை. நீங்கள் தகுதியானவர்கள் என்று காண்கிறவர்களிடமே கொடுத்து அனுப்புகிறேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி. 16:3). அவர்களுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் தன் உடன் ஊழியன் தீத்துவோடு சேர்த்து அனுப்புகிறார். காரணத்தையும் மறைக்கவில்லை: இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும். அப்போஸ்தலனுக்கே சாட்சி வேண்டியிருந்தது. சபையை நிர்வகிக்கும் நம் சேகரக் கமிட்டிக்கு வேண்டாமா?

பெத்தானியாவில் இயேசுவின் பாதத்தில் பூசிய தைலத்தை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ் என்பதையும் மறக்கக் கூடாது. பணப்பை அவனிடம்தான் இருந்தது. அதிலிருந்து எடுத்தும் வந்தான் என்கிறார் யோவான். பேச்சில் இரக்கம் இருந்தது. பையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, வெவ்வேறு சாவி. ஒன்று பொருளாளரிடம், இன்னொன்று அவருக்கு உறவில்லாத கமிட்டி அங்கத்தினரிடம். மாமனும் மருமகனும் சேர்ந்து எண்ணினால் அது ஒருவர் எண்ணியதற்குச் சமம். ஆராதனை முடிந்ததும் அங்கேயே மேசையில் கொட்டி எண்ண வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணுவது கூடவே கூடாது. 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று பேனாவால் இரண்டு சீட்டு எழுதி, எண்ணியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றைப் பொருளாளரும் மற்றதைச் செயலாளரும் வைத்துக்கொள்ளட்டும். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் 500 என்று எழுதி உள்ளே 200 இருந்தால், அந்த நிமிஷமே கவரில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரும்பாலான குழப்பம் திருட்டில் தொடங்குவதில்லை. எண்ணிய பணத்திலிருந்தே எலக்ட்ரீஷியனுக்கு 800, டீக்கு 150 கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் கட்டுவதில் தொடங்குகிறது. வரவும் குறைந்து தெரியும், செலவும் மறைந்துபோகும். வந்தது முழுவதும் அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும்; செலவுக்குத் தனியே வவுச்சர். க்யூஆர் கோடு ஒரு தனியாளின் செல் நம்பரில் இருக்கவே கூடாது, சபையின் கணக்கில்தான் இருக்க வேண்டும். அதன் மேல் யாரும் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று வாரம் ஒரு தடவை, ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணம் அந்தக் காரியத்துக்கே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வேளையில் முதல் வாரம் அரிசியும் பழைய துணியும் குவியும். மூன்றாம் வாரம், புத்தகம், சான்றிதழ், தையல் மெஷின், இடிந்த சுவர் என்று உண்மையான தேவை தலைகாட்டும்போது ஆள் இருக்காது. வசூலில் பாதியை அந்த நாளுக்கென்று ஒதுக்குங்கள். எல்லாம் போக மிஞ்சினால், கோயிலுக்கு வெள்ளையடிக்கத் திருப்பிவிடக் கூடாது. கொடுத்த சபையாரிடம் அறிவித்து, அவர்கள் சம்மதத்தோடுதான் மாற்ற வேண்டும்.

இனி, கொடுப்பது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டார்கள். முறையிட்டவர்களை யாரும் அடக்கவில்லை. அந்தப் பங்கீட்டைக் கவனிக்கத் தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று கிரேக்கப் பெயர்களே. விடுபட்ட பக்கத்தாரிடமே பொறுப்பு போனது என்றுதான் இதை வாசிக்கிறேன். உங்கள் சபையின் உதவிப் பதிவேட்டை ஐந்து வருஷத்துக்குப் புரட்டிப் பாருங்கள், எந்தத் தெருவின் பெயர் அதில் வரவேயில்லை என்று. அநேக இடங்களில் அது சாதியின் எல்லையாகவே இருக்கும். அந்தத் தெருவிலிருந்து ஒருவர் கமிட்டியில் உட்காராதவரை, எவ்வளவு மனதுருக்கமாக ஜெபித்தாலும் இந்தக் கோணல் நிமிராது.

தேவையை விசாரிக்க இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பிள்ளைகள் முன்னால் கடனைப் பற்றிக் கேட்காதீர்கள். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலும் ஆஸ்பத்திரி பில்லை அங்கேயே கவுண்டரிலும் கட்டி, ரசீதைப் பெற்றோர் பேரிலேயே வாங்குங்கள். மளிகைக்கென்றால் கையில் பணமாகவே கொடுத்துவிடலாம், எதை வாங்குவது என்று அந்த வீட்டுக்குத் தெரியும். போட்டோ வேண்டாம். ஆராதனைக்கு வருகிறார்களா, எந்த மதம் என்ற கேள்வியும் வேண்டாம். பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும், வருஷக் கணக்கில் எண் போதும்.

ராத்திரி 11 மணிக்கு விபத்து என்று யாராவது கதவைத் தட்டினால் கமிட்டியைக் கூட்ட முடியாது. அதற்கென்று ஆயரிடம் 5,000 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். செலவான தொகைக்கு வவுச்சர் வந்த பிறகே மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி ஒரு வழி வைக்காத இடத்தில், நல்ல மனசுள்ளவர்கள்தான் முதலில் விதியை மீறுகிறார்கள்.

கடைசியாக, மணியடித்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவரின் சம்பளம். "பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போகிற பணம் அநேகமாக இதுதான். கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24:15. தொகையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதம் 1ஆம் தேதி அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆயருக்குச் சபையின் மேல்நிர்வாகம் படித்தொகையை உயர்த்துகிற வருஷத்தில் இவருக்கும் உயர வேண்டும், அதுவும் அவர் வந்து கேட்பதற்கு முன்னால்.