அன்று விக்டோரியா டாக்கில் உத்தரவு போட ஆளில்லை

குளிர்காலம் வந்தால் மும்பையில் விருது விழாக்களும் வரிசைகட்டி வந்துவிடும். விமானம், கப்பல், காப்பீடு என்று துறைக்குத் துறை சிறந்த தலைவர், பெரிய சாதனை, நெருக்கடியில் தாக்குப்பிடித்த நிறுவனம் என மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் அதற்குத் தகுதியானவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் வாசிக்கிற பட்டியலைக் கேட்டால் எனக்கு உறுத்துகிறது. எத்தனை விமானம் வாங்கினார், எத்தனை கப்பல் சேர்த்தார், பிரீமியம் வசூல் எத்தனை கோடி ஏறியது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஒன்றுமே நடக்காத நாட்களில் கெட்ட நாளுக்காக அவர் என்ன எடுத்து வைத்தார் என்று யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் மும்பையின் ஃபோர்ட் பகுதியில் ஒரு பொதுக் காப்பீட்டு அலுவலகத்தில், கடல்வழிச் சரக்குக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களைக் கவனிக்கும் மரைன் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு ரயிலேறும் தமிழர்களில் பாதிப்பேர் ஏதாவது ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸிலோ, கப்பல் கம்பெனியிலோ, ஏர் இந்தியாவிலோதான் இருப்பார்கள். அதனால் இந்த மூன்று துறைகளும் எனக்கு வேறு வேறாகத் தெரிந்ததே இல்லை. மூன்றிலும் சரக்கு ஒன்றுதான். கெட்ட நாளில் உன்னைக் கைவிட மாட்டேன் என்ற வாக்கை விற்கிறார்கள்.

அந்த வாக்கு எப்படித் தவறிப்போகும் என்பதற்கு மும்பைக்காரர்கள் வெளியூரில் உதாரணம் தேட வேண்டாம். 1944 ஏப்ரல் 14 இருக்கிறது. ஃபோர்ட் ஸ்டைகின் என்ற சரக்குக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கராச்சி வழியாக வந்து மும்பைத் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் நின்றிருந்தது. அதில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள், அதோடு தங்கக் கட்டிகள். கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள். பஞ்சையும் வெடிபொருளையும் ஒரே கப்பலில் வைத்ததே தப்பு. வெடிமருந்துக் கப்பல் என்று காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. மதியம் பஞ்சில் புகை கிளம்பியது. தீயணைப்புப் படை வந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். வெடிபொருளைப் பற்றித் தெரிந்த அதிகாரி, கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிடுங்கள் என்கிறார். இன்னொருவர் அதைத் துறைமுகத்துக்கு வெளியே இழுத்துப் போகச் சொல்கிறார். என்ஜின் பழுதுபார்ப்பில் இருந்ததால் கப்பல் தானாக நகர முடியாத நிலை. கேப்டன் இருக்கிறார், துறைமுக அதிகாரிகள் இருக்கிறார்கள், தீயணைப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள், ராணுவத்தார் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. நான் சொல்கிறேன், இதைச் செய் என்று சொல்லும் அதிகாரம் இன்னாருக்கு என்று ஒருவர் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் முதல் வெடிப்பு, அரை மணிக்குள் இரண்டாவது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் அந்த அதிர்வு பதிவானது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் போனார்கள். டாக்கை ஒட்டிய குடியிருப்புகளிலும் கிடங்குகளிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நஷ்டஈட்டுப் பொறுப்பைக் கடைசியில் அரசாங்கமே ஏற்றது. இன்றும் நாடு முழுக்க ஏப்ரல் 14 முதல் தீயணைப்பு வாரம் நடப்பது அந்த 66 பேரை நினைத்துத்தான்.

அந்த 66 பேர் ஓடவில்லை, நின்றார்கள். அவர்களுடைய துணிச்சலைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் அவர்களைப் போற்றிவிட்டு, அவர்களை அங்கே நிற்க வைத்தவர்களின் கணக்கை மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் குண்டு வெடித்தாலும் மறுநாள் ரயிலில் கூட்டம் இருக்கும். உடனே மும்பையின் மன உறுதி என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு காரணம்.

சரி, நல்ல உதாரணமே கிடையாதா என்றால், இருக்கிறது, அதுவும் இதே ஊரில். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு உலகத்தின் பெரிய மறுகாப்பீட்டுக் கம்பெனிகள், பயங்கரவாதத்தால் வரும் சேதத்துக்கு இனிமேல் நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டன. மறுகாப்பீடு என்றால் காப்பீட்டுக் கம்பெனிக்கே காப்பீடு. அது இல்லாமல் பெரிய ரிஸ்க்கை யாரும் தனியாகத் தொட மாட்டார்கள். அப்போது நம் காப்பீட்டுக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து, 2002 ஏப்ரலில் பயங்கரவாத இழப்புக்கென்று தனியாக ஒரு பொதுத் தொகுப்பை உண்டாக்கின. நிர்வாகம் சர்ச்கேட்டில் இருக்கும் அரசு மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி.யிடம். வருடா வருடம் பிரீமியம் சேர்ந்துகொண்டே வந்தது, பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. 2008 நவம்பர் 26 அன்று பயங்கரவாதத் தாக்குதலில் தாஜ் ஹோட்டல் எரிந்ததை நாடே டிவியில் பார்த்தது. அன்று தாக்கப்பட்ட ஹோட்டல்களின் இழப்புக்குப் பணம் அந்தத் தொகுப்பிலிருந்துதான் போனது. அந்தத் தொகுப்பை உண்டாக்க மெனக்கெட்ட அதிகாரிகளின் பெயர் வெளியில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் பார்வையில் தலைமை என்பது அதுதான்.

காப்பீட்டில் வாக்கைக் காப்பாற்றும் இடம் கிளெய்ம் மேஜை. அதை வெளியாட்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கப்பலில் வந்த மூட்டைகள் நனைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீரில் நனைந்ததா, மழையிலா, அல்லது கப்பல் அறைக்குள் காற்று வியர்த்துச் சொட்டிய ஈரமா? சாதாரணக் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். பாலிசியின் வார்த்தையைப் பொறுத்து ஒன்றுக்குப் பணம் உண்டு, மற்றதற்கு இல்லாமலும் போகலாம். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், பையிலிருந்து சின்ன பாட்டிலில் சில்வர் நைட்ரேட் கரைசலை எடுத்து, ஈரத்தில் ஒரு சொட்டு விடுவார். உப்பு இருந்தால் பால் மாதிரி வெள்ளையாகத் திரியும். எத்தனை மூட்டைகளில் திரிந்தது, எந்த அடுக்கில், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வார். வெயிலோடு வெயிலாகக் கிடங்கில் நின்று ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கிறவரும் உண்டு. வாசல் பக்கத்து மூட்டையை மட்டும் தொட்டுவிட்டு ரிப்போர்ட் எழுதுகிறவரும் உண்டு. முதல் ரகத்து ஆளுக்கு நேரமும் சரியான கூலியும் கொடுக்கிற மேலாளர் இருந்தால் அந்த ஆபீஸின் வாக்கு நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஃபைலை மூடினாய் என்று மட்டும் கேட்கிறவர் வந்தால், சின்ன வியாபாரிக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம் ஒரு வரியில் மறுக்கப்பட்டுவிடும். இரண்டு வகை மேலாளர்களிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

விமானத்துக்கு வருகிறேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையோடு ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுபோனார். இந்த மைல்கல் பாடப்புத்தகத்திலேயே வருகிறது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த மழைக்காலம். ஜூஹு அப்போது வெறும் சேற்று மைதானம், மழை வந்தால் தண்ணீருக்கடியில் போய்விடும். டாடாவின் விமானக் கம்பெனிக்காரர்கள் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்குப் போனார்கள். எரவாடா சிறைக்குப் பக்கத்து மைதானத்திலிருந்து ஓட்டினார்கள். மொத்தச் சொத்து இரண்டு விமானம், மூன்று பைலட், மூன்று மெக்கானிக் என்று ஜே.ஆர்.டி.யே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மழையிலும் நேரம் தவறவில்லை என்று அரசாங்க அறிக்கையே பாராட்டியது.

இரண்டு விமானத்துக்கு மூன்று பைலட். அந்த மூன்றாவது ஆள்தான் என் கண்ணுக்குப் படுகிறார். கையில் காசில்லாத கம்பெனி அது, இருந்தும் ஓர் ஆள் கூடுதல்.

இதை 2025 டிசம்பரோடு வைத்துப் பாருங்கள். பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. கடைசிக் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பயணிகளைச் சுமக்கும் இண்டிகோவால் டிசம்பர் முதல் வாரத்தில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. திட்டமிடுவதில் கோட்டைவிட்டோம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2023இல் ஒரே ஆர்டரில் 500 ஏர்பஸ் விமானங்கள் கேட்டு உலகச் சாதனை படைத்த கம்பெனி அது. 500 விமானம் வாங்கத் தைரியம் இருந்தது. ஓய்வெடுக்கும் பைலட்டுக்குப் பதிலாக உட்கார இன்னோர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க மனம் வரவில்லை. கவுண்டரில் நின்று ஜனங்களிடம் ஏச்சு வாங்கியது யார்? இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். கடைசியில் ஓய்வு விதியையே தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். களைத்த பைலட் ஓட்டும் விமானத்தில் நீங்களும் நானும்தான் உட்காருகிறோம். இதில் ஒழுங்குமுறை ஆணையத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

வ.உ.சி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். அவரைப் போல ஒரு தலைவர் இந்தத் துறைக்கு இனிப் பிறந்து வரவேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே 1911இல் கம்பெனி கலைந்தது. மும்பையில் 1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா கம்பெனியின் லாயல்டி கப்பல் லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கப்பலும் நஷ்டம்தான், நாலே வருடத்தில் உடைப்புக்குப் போய்விட்டது. ஆனால் கம்பெனி நின்றது, ஏனென்றால் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி போன்றவர்களின் முதலீடு பின்னால் இருந்தது. வ.உ.சி. சிறையில் செக்கிழுத்தபோது வெளியே கம்பெனியைத் தாங்க அப்படிப் பணமும் ஆளும் சேரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதைய கடலோடிகள் நிலைமை என்ன? கோவிட் சமயத்தில் எங்கள் கட்டிடத்தில் இருக்கும் தூத்துக்குடிக்காரப் பெண் ஒருவர் வந்தார். மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். ஒன்பது மாத ஒப்பந்தம் வருடத்தைத் தாண்டிவிட்டது. “அண்ணாச்சி, எறக்கி விடமாட்டேங்காங்களாம். நீங்க இன்சூரன்ஸ்லதான இருந்தீங்க, யார்ட்ட போயிக் கேக்கணும்?” பல்லார்ட் எஸ்டேட்டில் உள்ள ஏஜெண்ட் ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கப்பல் முதலாளியைக் கேளுங்கள் என்றார்கள், முதலாளியோ வெளிநாட்டில் இருக்கிறார், கப்பலில் பறப்பது மூன்றாவது நாட்டின் கொடி. அப்போது உலகம் முழுக்க ஏறக்குறைய 4 லட்சம் பேர் இப்படி ஒப்பந்தம் முடிந்தும் கடலில் மாட்டியிருந்தார்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்குச் சொன்னது. 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் இருந்த 25 பேரும் இந்தியர்கள். ஆறு நாளில் கப்பலை மிதக்கவிட்டதைத்தான் உலகம் பார்த்தது. நஷ்டஈட்டுப் பேரம் முடியாததால் ஜூலை 7 வரை அந்தக் கப்பலைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது யாருக்கு நினைவிருக்கிறது?

2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் ஏவுகணை தாக்கித் தீப்பிடித்த மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பலில் 22 இந்தியர்களும் ஒரு வங்கதேசத்தவரும் இருந்தார்கள். கப்பலைக் கைவிடாமல் போராடினார்கள். நம் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் உதவிக்குப் போனது. கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருது கிடைத்தது. மனதாரக் கைதட்டலாம், தட்ட வேண்டும். அப்படிப்பட்ட கடலுக்குள் போக மாட்டேன் என்று சொன்ன மாலுமிக்கு வேலை போகாது என்ற உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா என்றும் அதே மேடையில் கேட்க வேண்டும்.

விருதுக் குழுவில் இருக்கும் நண்பர்கள் சிலர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அடுத்த வருட விண்ணப்பப் படிவத்தில் இதையும் சேருங்கள். விமானக் கம்பெனி என்றால், ரிசர்வில் எத்தனை பைலட்? கப்பல் கம்பெனி என்றால், ஒப்பந்தம் முடிந்தும் இறக்கப்படாத மாலுமிகள் எத்தனை பேர்? காப்பீட்டுக் கம்பெனி என்றால், மறுத்த கிளெய்ம்களில் எத்தனை, குறைதீர்ப்பாளர் முன்னால் போய்க் கம்பெனிக்கு எதிராகத் தீர்ந்தன? பதிலைத் தலைவரே கையெழுத்துப் போட்டுத் தரட்டும். தர முடியாது என்பவரின் விண்ணப்பத்தை ஏற்காதீர்கள்.