முன்சக்கரச் சத்தமா? ரப்பர் புஷ்ஷில் ஆயில் ஊற்றாதீர்கள்

"காரின் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் ரப்பர் புஷ்களில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுங்கள், சரியாகிவிடும்" என்ற செய்தி வேலூர், காட்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. (புஷ் என்பது சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்க வைக்கும் ரப்பர் துண்டு.)

இன்ஜின் ஆயில் பட்டால் சாதாரண ரப்பர் ஊறி உப்பும், இளகும், சீக்கிரம் கிழியும். சத்தம் சில நாள் அடங்கலாம். தேய்மானம் நிற்காது.

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது கடகடத்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு). ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்றால் ஆக்சிலின், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின், சக்கரப் பக்க ஜாயின்ட். அது சஸ்பென்ஷன் கோளாறே இல்லை. பிரேக் பிடித்ததும் ஒரு 'டொக்' கேட்டால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குப் பெரிய கவலை, அந்த ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்தான். பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து மெக்கானிக்கை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டோ வீல் பேரிங்கோ போயிருக்கலாம். ரப்பரில் ஆயில் படலாமா என்று எந்த சர்வீஸ் சென்டரிலும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.