பெனால்டியை விட்ட பையன்கிட்ட முதல்ல யாரு போகணும்?

ஞாயித்துக்கிழமை குமரி மாவட்டத் தூத்தூர் பக்கம் ஒரு செவன்ஸ் ஃபுட்பால் மேட்ச், டீமுக்கு ஏழு பேர். 15 வயசுக்குக் கீழ உள்ள பயலுவ. ஒண்ணுக்கு ஒண்ணுல நின்னு டைபிரேக்கர் வந்துச்சு. கடைசி அடி எங்க பையனுக்கு.

பந்தை வச்சான். நிமிர்ந்து கோலியைப் பார்க்கவே இல்ல. கோட்டுக்கு வெளிய நின்ன கோச்சைத்தான் பார்த்தான். விசில் ஊதி முடியல, ஓடிட்டான். பந்து பாருக்கு மேல போச்சு. அடுத்த நிமிஷம் அத்தனை சனத்துக்கு முன்னாடி அவன் அம்மாவையும் சேர்த்து இழுத்து கோச் ஒரு வசவு விட்டார். பையன் ஜெர்சி காலரைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நின்னான். மத்த ஆறு பேரும் தரையைப் பார்த்துட்டு நின்னானுவ. ஒருத்தனும் பக்கத்துல போகல.

கேட்டா, "திட்டினாத்தான் மனசு உரமாகும், நாமெல்லாம் அப்படித்தான வளர்ந்தோம்" என்கிறார். அந்த வசவை நானும் வாங்கியிருக்கேன். என்னைவிட நல்ல இடது கால் உள்ள ஒருத்தன் என்கூட ஆடினான். இதே மாதிரி ஒரு சாயங்காலத்துக்கு அப்புறம் அவன் கிரவுண்ட் பக்கமே வரல. தாங்கி நின்னவனைக் காட்டித்தான் இந்த நியாயம் பேசுறோம், விட்டுப் போனவனை யாரும் கணக்குல சேர்க்கிறதே இல்ல.

நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட் உலகக் கோப்பை மாதிரிப் பெரிய போட்டிகளோட பெனால்டிகளைப் பல வருஷமா ஆராய்ஞ்சவர். விசில் கேட்டதும் அவசரப்பட்டு அடிக்கிறவங்கதான் அதிகமா தவற விடுறாங்கன்னு அவர் கண்டார். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்ங்கிற பதற்றம் அது. எங்க பையன் விட்டதும் அப்படித்தான். அவனுக்குக் கோலியைப் பத்தி பயமே இல்ல. விட்டா என்ன நடக்கும்ங்கிற பயம்தான் அவனை ஓட வச்சது. அந்தப் பயத்தை ரெண்டு வருஷமா ஊட்டி வளர்த்தது நாங்க. கூட நின்னு பார்த்துட்டு இருந்த எனக்கும் அதுல பங்கு உண்டு.

எங்க அப்பா ஆழ்கடல் போட்டுல போனவரு. நடுக்கடல்ல ஒருத்தன் கைதவறி கயிறை விட்டா, முதல்ல பக்கத்துல உள்ளவன் அவனையும் கயிறையும் சேர்த்துப் பிடிப்பான். பேச்செல்லாம் கரை வந்த பிறகுதான். அங்க ஒருத்தன் மனசு உடைஞ்சா எல்லார் உயிருக்கும் ஆபத்து. ஒக்கி புயலைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல. கரைக்கு வந்து கிரவுண்டுல கால் வச்சதும் ஏன் மறந்துடுறோம்?

கண்டிப்பு வேண்டாம்னு நான் சொல்லல. காலையில அஞ்சரைக்கு வரலன்னா ஆட்டத்துல இறக்காதீங்க. பந்தைப் பறிகொடுத்துட்டு இடுப்புல கை வச்சு நிக்கிறவனை உடனே வெளிய எடுங்க, திரும்பி ஓடுறதுதான் டீமுக்கு அவன் குடுக்கிற வாக்கு. நம்ம இரவிபுத்தன்துறை ஃபுட்பால் வீரர் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பர்ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனோட முதல் மேட்ச்லயே முழங்கால்ல அடிபட்டு வெளிய போனாரு. அந்த சீசனே போச்சு. கைதட்ட யாரும் இல்லாம மாசக்கணக்குல ஒத்தைக் காலுக்குப் பயிற்சி குடுத்து, திரும்பவும் ஐஎஸ்எல் ஆட வந்தாரே, அந்த உறுதியைப் பயலுவகிட்ட பேசுங்க. கெட்ட வார்த்தையில அதெல்லாம் வளராது.

திங்கள் அவன் பயிற்சிக்கு வரல. செவ்வாயும் வரல. புதன் நான் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா கடலுக்குப் போயிருக்காரு, வர இன்னும் மூணு வாரம் ஆகுமாம். "அண்ணா, இனி என்னை பெனால்டி அடிக்கச் சொல்லாதீங்க"ன்னான். "மக்களே, அடுத்த மேட்ச்ல முதல் அடியே உனக்குத்தான்"னு சொல்லிட்டு வந்தேன்.

இன்னைக்குக் காலையில வந்தான். ஏழு பேரையும் வச்சு ரெண்டே விஷயம் பழகினோம். விசில் கேட்டதும் ஒரு மூச்சு இழுத்து விட்டுட்டு ஓடணும். அடிச்சவன் விட்டாலும் போட்டாலும் மத்த ஆறு பேரும் நடுக்கோட்டுல இருந்து அவன்கிட்ட நடந்து போகணும். முதல்ல வெக்கப்பட்டுச் சிரிச்சானுவ. பத்தாவது தடவை யாரும் சொல்லாமலே போனானுவ.