பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

கோதுமையும் கூடாது, பாலும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் ஆட்கள் நேராக ஓடுவது சூப்பர் மார்க்கெட்டின் இறக்குமதி அலமாரிக்குத்தான். க்ளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லாத பிரெட், பாதாம் பால் டப்பா என்று காசைக் கொட்டுகிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு இது தேவையே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை எதிலுமே கோதுமையோ பாலோ கிடையாது. நம் டிபன் பத்திரமானது. கூட வந்து சேரும் பொருட்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

அதற்கு முன் ஒன்று. சீலியாக், அதாவது க்ளூட்டன் பட்டாலே சிறுகுடல் கெட்டுப்போகும் நோய், இருக்குமோ என்ற சந்தேகத்தில் டெஸ்ட் எடுக்கும் முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் நோயைக் காட்டும் ஆன்டிபாடி குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரக்கூடும். முதலில் டெஸ்ட், பிறகு பத்தியம்.

இப்போது பெருங்காயம். கடையில் வாங்கும் தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். பெருங்காயப் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். அது சாம்பாரில் இருக்கிறது, இட்லிப் பொடியில் இருக்கிறது, அடை மாவில் இருக்கிறது. கோதுமையை அடியோடு விட்டும் வயிறு சரியாகவில்லை என்பவர்கள் முதலில் அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிசி மாவு மட்டும் கலந்ததும் கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் என்று கேட்டால் கலப்பில்லாத பிசின் தருவார்கள், பெயரில்தான் பால்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து எவ்வளவு சுத்தமாகக் கொண்டுபோனாலும், உங்களுக்கு முன்னால் அரைத்தவருடைய கோதுமை அந்தக் கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ அரிசியை முதலில் ஓட்டச் சொன்னாலும் முழுதாகப் போகாது. பாக்கெட்டில் க்ளூட்டன் இல்லை என்று போட இந்தியாவில் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். மில்லில் ஒட்டியிருக்கும் ஒரு கைப்பிடி கோதுமை மாவு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சீலியாக் உள்ள வீட்டில் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பதே சரி. சல்லடையும் தனியாக வேண்டும். கோதுமை சலித்த கம்பி வலையை எவ்வளவு தேய்த்தாலும் கண்ணிகளில் மாவு தங்கும்.

ரவை உப்புமாவுக்கு மாற்று நம் பாட்டிகளின் அரிசி உப்புமா. சம்பா கோதுமை ரவை மாற்றே இல்லை, அதுவும் கோதுமைதான். ஒரு டம்ளர் பச்சரிசி, 2 மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம் எல்லாவற்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவையாக உடையுங்கள். பிறகு சலித்து மாவைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். நிறையப் பேருக்கு உப்புமா களியாகிப் போவது இந்த மாவினால்தான். அது கொதிநீர் பட்டதும் கூழாகி ரவையை ஒட்டவைத்துவிடும். பிரித்த மாவு அடைக்கு ஆகும். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ரவையைத் தூவி, தீயைச் சிம்மில் வைத்து 15 நிமிடம் மூடுங்கள். அணைத்த பிறகும் 10 நிமிடம் திறக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் உதிர் உதிராக வரும்.

சேமியாவும் கோதுமைதான். ராகி சேமியா பாக்கெட்டிலும் பல சமயம் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வெண்பொங்கலுக்கு நெய் இல்லாமல் என்ன செய்வது? பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெய் பெரும்பாலும் தொந்தரவு தராது. பால் புரதமே அலர்ஜி என்றால் நெய்யிலும் அது துளி தங்கியிருக்கலாம், வேண்டாம். ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, 6 டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, ஊறவைத்த 10 முந்திரியை விழுதாக அரைத்துக் கலந்து, மிளகு சீரகத்தை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் பொங்கல் வாசமே மாறிவிடும். நெய் இல்லாத பொங்கல் ஆறினால் சீக்கிரம் இறுகும். அரை டம்ளர் வெந்நீர் கையோடு இருக்கட்டும்.

வெயில் காலத்தில் தெருவோரக் கூழ் வண்டியில் மோர் ஊற்றாமல் தரச் சொல்லி வாங்கலாம். ஆனால் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் மோர் மிளகாய் மோரில் ஊறிக் காய்ந்தது என்பதை யாரும் யோசிப்பதில்லை. சின்ன வெங்காயமும் மாங்காயும் போதும்.

பழைய சோற்றுக்குத் தயிர் வேண்டுமென்றால் வேர்க்கடலைத் தயிர் நன்றாக வரும். ஒரு டம்ளர் கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, 3 டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். சின்னத் தீயில் 10 நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். வெதுவெதுப்பாக ஆறியதும் ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு 8 முதல் 10 மணி நேரம் மூடிவையுங்கள். முதல் தயிர் நீர்த்துத்தான் இருக்கும். அதில் 2 கரண்டி எடுத்து அடுத்த பாலில் உறை ஊற்றினால் கெட்டியாக விழும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சைவ உணவுக்காரர்களுக்கு வைட்டமின் பி12 பாலிலிருந்தும் தயிரிலிருந்தும்தான் பெரிதும் கிடைக்கிறது, கடலைத் தயிர் அதைத் தராது. டாக்டரிடம் பி12 பற்றிக் கட்டாயம் பேசுங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன.

ஹோட்டலில் தோசையைவிட இட்லிதான் நல்லது. ரவா தோசை மாவில் ரவையும் மைதாவும் உண்டு, அதே கல்லில்தான் உங்கள் தோசையும் வேகும். சில கடைகளில் சப்பாத்தியும் அங்கேதான். வெண்ணெய் தடவும் கரண்டியும் ஒன்றுதான். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும் என்பதால் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் தாளிப்பிலும் பெருங்காயம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மிச்சம் காபி. நம்மூரில் இதை விடச் சொல்வதுதான் கொடுமை. தேங்காய்ப் பால் டிகாக்‌ஷனின் புளிப்பிலும் சூட்டிலும் திரிந்து திட்டுத் திட்டாக மிதக்கும். தேங்காய்ப் பால் பவுடர் சிலவற்றில் பால் புரதமான கேசினேட் இருக்கும், அதையும் பாருங்கள். ஓட்ஸ் பால் என்றால் ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும் ஆபத்து உண்டு. முந்திரிப் பால்தான் சரியாக நிற்கிறது. 20 முந்திரியை 2 மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் மைய அரையுங்கள், வடிகட்ட வேண்டாம். கொதிக்கவிட்டால் கஞ்சி போலக் கெட்டியாகிவிடும், ஆவி வந்ததும் இறக்குங்கள். டிகாக்‌ஷன் முதல் இறக்கமாகத் திக்காக இருக்கட்டும். பாலை டபராவில் ஊற்றி, அதில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆற்றுங்கள்.