கிட்டு யாரையும் ஏமாற்றவில்லை

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில், நாய் வளர்ப்பவர்களின் சந்திப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காணொலியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் சொந்தக்காரர்கள், இருவருமே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகத்தோடு. பச்சைப் புடவையில், என் வெள்ளை நாய் கிட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடப்பது நான்தான். கோபித்துக்கொண்டு போகிறேனாம். ஆமாம், கோபித்துக்கொண்டுதான் போனேன்.

காணொலியில் இல்லாததை மட்டும் சொல்கிறேன். பதிவு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் கிட்டு, வயது 9. இனம் என்ற இடத்தில் ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ என்று எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பையனுக்கு என் மகனைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். கிட்டுவைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், நான் எழுதியதன் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில் ‘கலப்பு’ என்று எழுதினான். “ஆன்ட்டி, அப்படி ஒரு இனமே கிடையாது. பொமரேனியன் என்று சொல்லி யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒலிபெருக்கியில் இன்னொருவர், போலிப் பொமரேனியனை வாங்கி ஏமாந்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு என்று அறிவித்ததும் கூட்டம் கைதட்டியதும் உங்களுக்குத் தெரியும்.

போலி! ஆறே முக்கால் கிலோ எடையில், இரண்டு காதுகளையும் விறைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் வாலாட்டி வரவேற்றுக்கொண்டிருந்த ஒரு உயிரைப் பார்த்து, போலி.

இனம் கிடையாது என்று சொன்ன பையனுக்காகக் கொஞ்சம் சரித்திரம். பொமரேனியா என்பது பால்டிக் கடலின் தென்கரையில், இன்றைக்குப் போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கும் நிலப்பகுதி. அந்தப் பெயரில் பழைய காலத்தில் இங்கிலாந்துக்குப் போன நாய்கள் என் கிட்டுவைவிடப் பெரியவை. விக்டோரியா மகாராணி 1888இல் ஃப்ளாரன்ஸ் போனபோது மார்கோ என்ற சின்ன நாயைப் பிடித்துப்போய் வாங்கிவந்தார். அரசிக்குப் பிடித்தது ஊருக்கும் பிடித்துவிட்டது, வளர்ப்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை அதைச் சிறிதாக்கினார்கள். இன்றும் எஃப்.சி.ஐ. என்கிற சர்வதேச நாய்க் கூட்டமைப்பு, பொமரேனியனை ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்ற நாய் இனத்தின் ஐந்து அளவுகளில் ஆகச் சிறியது என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்த அதே ஸ்பிட்ஸ் வகை, நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகிப் பல தலைமுறை கண்டு வந்ததுதான் இந்தியன் ஸ்பிட்ஸ். சென்னையிலிருந்து இயங்கும், நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைத் தனி இனமாகவே ஏற்றிருக்கிறது. மூன்று கிலோ பொமரேனியனைப் பெரிதாக நகல் எடுத்ததில்லை என் கிட்டு. இரண்டும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒருவர் அரண்மனைக்குப் போனார், ஒருவர் மாயவரத்துக்கு வந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாயவரத்துக்கு வந்தார் என்று சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்யக் கெடுபிடி இருந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வெள்ளை நாய் ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடக்கும். 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ ஹிந்திப் படத்தில் டஃபி என்ற நாய் கிரிக்கெட் அம்பயராக வந்து எல்லோரையும் மயக்கியதே, அதுவும் இந்த ஜாதிதான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, பெயர் ஜிம்மி. பெண் நாய்க்கு ஜிம்மி என்று பெயர் வைத்தவர் அப்பா. அப்பா அஞ்சலகத்தில் வேலை பார்த்தார், ஜிம்மி தினமும் தபால்காரரைக் குரைத்து விரட்டும். அவர் அப்பாவின் நண்பர் வேறு.

சித்திரை பிறந்தால் அப்பா கத்திரிக்கோலோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பாவம், வெயில் தாங்காது என்று ஜிம்மியை ஒட்ட வெட்டிவிடுவார். வெட்டி முடித்த பிறகு அது இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வராது. வெட்கப்படுகிறது என்று நாங்கள் சிரிப்போம். மூன்றாவது வருடம் முதுகில் ஒரு திட்டில் ரோமம் திரும்ப முளைக்கவே இல்லை, அந்த இடம் வெயிலில் சிவந்து தோல் உரிந்தது. அப்பா அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். அன்பில் குறை சொல்ல ஏதுமில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை அதே பூங்காவில், என் நாயைப் போலி என்ற மேசையிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு வண்டியில் ‘கோடைக்காலச் சலுகை’ என்று பலகை மாட்டி நாய்களுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஸ்பிட்ஸ்கள் என் கண் முன்னால் உரித்த கோழி மாதிரி இறங்கி வந்தன. இனத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்களுக்கு, இந்த நாய்க்கு இரண்டடுக்கு ரோமம் என்பது மட்டும் தெரியாதா? மேலே நீளமான முரட்டு ரோமம், அடியில் பஞ்சு மாதிரி ஒன்று. நடுவில் நிற்கிற காற்றுதான் குளிரையும் தடுக்கிறது, வெயிலையும் தடுக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மழித்துவிட்டால் காற்றோட்டம் கிடைப்பதில்லை, வெயில் நேராகத் தோலில் அடிக்கிறது. ஸ்பிட்ஸ் வகைகளில் மழித்த ரோமம் சில சமயம் ஒழுங்காகத் திரும்ப வராது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அடிரோமம் வரை சீவுங்கள், உதிர வேண்டியது உதிர்ந்துவிடும். காதுக்குப் பின்னாலும் தொடைக்குப் பின்னாலும்தான் சிக்கு விழும், அங்கே பொறுமையாகச் சீவ வேண்டும். தண்ணீர் வையுங்கள். நடக்கக் கூட்டிப்போகும் முன் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். கத்திரிக்கோலை எடுத்து உள்ளே வையுங்கள்.

நாய்க்குப் பெயர் வைத்தாயே, சோறு வைத்தாயா என்று நம் ஊரில் கேட்பார்கள். இவர்களிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

இப்போது, எழுதி முடிக்கும் முன்பே வரப்போகும் பின்னூட்டங்களுக்கு வருகிறேன்.

“விற்பவன் பொய் சொல்லித்தானே விற்கிறான், வாங்குபவரை எச்சரிப்பது தப்பா?” தப்பே இல்லை. பொமரேனியன் என்று சொல்லி ஸ்பிட்ஸ் குட்டியை மூன்று மடங்கு விலைக்கு விற்பது அப்பட்டமான மோசடி, நன்றாகக் கேளுங்கள், வழக்குப் போடுங்கள். ஆனால் பொய் சொன்னவன் விற்றவன். நாய் பொய் சொல்லவில்லை. கிட்டு எங்கே எப்போது தன்னைப் பொமரேனியன் என்று சொல்லிக்கொண்டான்?

கிட்டு எப்படி என்னிடம் வந்தான் என்பது உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அடுத்த தெருவில் ஒரு வீட்டிலும் வேலை செய்த அக்கா ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த வீட்டு நாயை மொட்டை மாடியில் கட்டிவிட்டார்கள் அம்மா.” இரண்டு மாதக் குட்டியாகப் பொமரேனியன் என்று வாங்கியிருக்கிறார்கள். பத்து மாதத்தில் முகம் நரி மாதிரி நீண்டது, கால் நீண்டது, ஆறு கிலோவைத் தாண்டியது. வந்த விருந்தாளிகள் எல்லாம் “ஐயோ, ஏமாந்துவிட்டீர்களே” என்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான், கூடத்தில் மெத்தையில் தூங்கியவன் மாடிக்குப் போய்விட்டான். நான் போய்க் கேட்டபோது அந்த அம்மாள் சங்கிலியோடு கொடுத்துவிட்டார். “ஒரிஜினல் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று எச்சரிக்கை வேறு. திருச்சியில் மே மாதம். மாடித் தரையில் அவன் பாதத்தில் கொப்புளம். ஒலிபெருக்கிக்காரரே, நீங்கள் விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தைக்கு ஒரு நாய் மாடியில் கிடந்தது. அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இந்த ஜாதி ஓயாமல் குரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படித் தூங்குவது?” குரைக்கும்தான். ஸ்பிட்ஸ் காவலுக்கு இருந்த நாயின் வழி வந்தது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சொல்லிவிட வேண்டும் அதற்கு. தனியாகப் பூட்டிவிட்டுப் போனால் இன்னும் குரைக்கும். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கவிட்டு, வீட்டு ஆட்களோடு இருக்கவிட்டால் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு நான் மாடி வீட்டு மாமாவிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டுத் தொலைக்காட்சி இரவு பதினொன்றரை வரை ஓடுவதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை.

“தெருவில் இத்தனை நாட்டு நாய்கள் இருக்க, இது எதற்கு?” என் வாசலுக்கு வந்து பாருங்கள், இரண்டு பேர் இரவு எட்டு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இருவருக்கும் கருத்தடையும் ஆயிற்று, வெறிநாய் ஊசியும் போட்டாயிற்று. அடுத்த கேள்வி.

“நாய்க்காகப் போய் இவ்வளவா?” இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் எங்கேயோ போய்விடும். சரி, போகட்டும்.

அந்தப் பையன் எழுதிய வார்த்தை ‘கலப்பு’. இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயரும் அதுதான். என் மகன் பிறந்து பதினொன்றாம் நாள், புண்ணியாகவசனம் என்கிற தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு யாரை அழைப்பது என்று பேச்சு வந்தபோது, என் பெரியப்பா வீட்டில் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. காணொலியைச் சிரிப்பு முகத்தோடு அனுப்பிய இருவரும் அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இது நினைவிருக்காது. பேனாவில் கோடு இழுப்பவர்களுக்கு எதுவும் நினைவிருப்பதில்லை.

உடனே ஒருவர் கேட்பார்: கலப்பு என்பது இழிவில்லை என்றால், கிட்டு கலப்பு இல்லை என்று நிரூபிக்க இத்தனை சரித்திரம் எதற்கு? கலப்பாகவே இருந்தால்தான் என்ன? இது என் கணவர் நேற்று ராத்திரி கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லாமல் பால் காய்ச்சப் போய்விட்டேன். இன்னும் பதில் இல்லை. கோடு இழுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது மட்டும் தெரியும்.

இது நாயைப் பற்றிய பதிவு, நாயைப் பற்றியே பேசுகிறேன். ஜிம்மி 1998இல் செத்தது. ஏழு வயது. ஒரு வாரமாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தது, சோறு தொடவில்லை, வெயிலால் என்று நினைத்தோம். மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது கருப்பையில் சீழ் பிடித்து உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். சின்ன வயதிலேயே கருத்தடை செய்திருந்தால் அந்த நோய் வந்திருக்காது என்று எனக்குத் தெரியவந்தது கிட்டு வந்த பிறகு. பால்சாதமும் பிஸ்கட்டும் போட்டுப் போட்டு அதன் பல் எல்லாம் காரை பிடித்து ஆடியதும் இப்போதுதான் புரிகிறது. சின்ன ஜாதி நாய்களுக்குப் பல்தான் முதலில் கெடும். கிட்டுவுக்குத் தினமும் பல் தேய்த்துவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் சின்ன நாயின் மூச்சுக்குழாய் தாங்காது என்பதால் மார்பில் மாட்டும் பட்டைதான். பாயசத்தில் திராட்சை இருந்தால் ஒரு வாய் கூடக் கிடையாது, வெங்காயம் போட்ட எதுவும் கிடையாது. போன கார்த்திகையில் உண்ணிக் காய்ச்சல் வந்து ஈறெல்லாம் வெளுத்து, 28 நாள் மாத்திரை கொடுத்துத் தேற்றினேன். வெள்ளை ரோமத்துக்குள் உண்ணி தெரியாது, காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் விரலால் தடவித்தான் தேட வேண்டும். பூங்காவிலிருந்து வந்த அன்றும் தேடினேன், இடது காதில் ஒன்று இருந்தது. அங்கே போய் நான் வாங்கிவந்த பரிசு அதுதான்.

அடுத்த மாதச் சந்திப்புக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எல்லா இனங்களையும் வரவேற்கிறார்களாம். அந்தப் படிவத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, கைப்பையிலேயே வந்துவிட்டது. பின்பக்கம் வெறுமையாக நல்ல தாளாக இருந்ததால், கிட்டுவுக்கு உண்ணி மருந்து விடும் தேதிகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அடுத்தது 14ஆம் தேதி.